டிஎன்ஏ 'இல்லை' என்றால் நம்பலாம், 'ஆமாம்' என்றால் கொஞ்சம் பொறுங்கள்

குடும்ப வரலாறு தேடுகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் போதும், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துட்டா எல்லாம் தெரிஞ்சிடும்ல?" தெரியாது. குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்தால் கொள்ளுத்தாத்தாவின் பெயரோ அவர் எங்கிருந்து வந்தார் என்பதோ திரும்பி வருவதில்லை. வருவதெல்லாம் ஒரு பட்டியல். அதில் முன்பின் தெரியாத பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண், பக்கத்தில் "நெருங்கிய சொந்தமாக இருக்கலாம்" என்று பட்டும் படாமலும் ஒரு வரி. வேலையே அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

இதில் கொஞ்ச காலமாக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். டிஎன்ஏ 'இல்லை' என்று சொன்னால் பெரும்பாலும் அதோடு வாதாட முடியாது. 'ஆமாம்' என்று சொன்னால் அந்த ஒரு ஆமாமுக்குள் நாலைந்து ஆமாம் ஒளிந்திருக்கும், அதில் எது நமக்கானது என்று அது சொல்லாது. இதைப் புரிந்துகொள்ளாமல் பட்டியலில் முதல் பெயரைப் பார்த்ததும் வம்ச மரத்தில் ஒரு கிளையை ஒட்டவைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் அந்த எண். இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் டிஎன்ஏவை சென்டிமார்கன் என்ற அலகில் சொல்கிறார்கள். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் நடுவே சுமார் 3,400 முதல் 3,500 வரை இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். இதில் குழப்பம் கிடையாது. அதற்குக் கீழே இறங்கினாலே சிக்கல்தான். ஒருவரோடு உங்களுக்கு 1,750 சென்டிமார்கன் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் தாத்தாவாக இருக்கலாம், பேரனாக இருக்கலாம், அத்தையாக, மாமாவாக, அண்ணன் மகளாக இருக்கலாம், அப்பா ஒருவராகவும் அம்மா வேறாகவும் பிறந்த சகோதரராகவும் இருக்கலாம். இத்தனை உறவுக்கும் சராசரி கிட்டத்தட்ட ஒரே எண்தான். வயதைப் பார்த்துப் பாதியைக் கழித்துவிடலாம், இருபது வயதுப் பையன் உங்கள் தாத்தாவாக முடியாது. மீதியை எண் தீர்த்துவைக்காது.

பிளெய்ன் பெட்டிங்கர் என்ற அமெரிக்க மரபணு வம்சாவளி ஆய்வாளர், உறவு இன்னதென்று தெரிந்த ஆயிரக்கணக்கான ஜோடிகளின் எண்களை மக்களிடமிருந்தே வாங்கித் தொகுத்திருக்கிறார். 2020இல் வந்த அதன் நான்காம் பதிப்பு இந்த வேலை செய்கிற எல்லோருடைய மேஜையிலும் இருக்கும். அப்பாக்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்றால் பிள்ளைகள் இருவருக்கும் சராசரி 866, ஆனால் வீச்சு 396 முதல் 1,397 வரை. ஒரு தலைமுறை தள்ளி, தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள் என்றால் சராசரி 229, வீச்சு 41 முதல் 592 வரை. இன்னும் ஒரு தலைமுறை தள்ளினால் சராசரி 73தான், வீச்சு பூஜ்யத்தில் ஆரம்பித்து 234 வரை போகிறது. ஓர் உறவின் உச்சமும் அதைவிட நெருங்கிய உறவின் அடிமட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைப் பாருங்கள். 450 என்ற எண்ணை வைத்துக்கொண்டு "இவர் எனக்கு இன்ன முறை" என்று அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

இப்படி ஏற்ற இறக்கமாக இருப்பதற்குக் காரணம் ஒவ்வொரு பிறப்பிலும் நடக்கும் குலுக்கல். அப்பாவிடமிருந்து உங்களுக்குப் பாதி வருகிறது, அது உறுதி. ஆனால் அந்தப் பாதிக்குள் தாத்தாவின் பங்கு எவ்வளவு, பாட்டியின் பங்கு எவ்வளவு என்பது சரிபாதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்களுக்கு வந்த துண்டு தங்கைக்கு வராமல் போகும். நாலைந்து தலைமுறைக்கு மேலே போனால் ஒரு மூதாதையின் துண்டு உங்களிடம் ஒன்றுகூட இல்லாமலே போகலாம், அவர் உங்கள் நேரடி மூதாதைதான் என்றாலும். அதனால்தான் வீட்டில் இருக்கும் மூத்தவர்களை முதலில் டெஸ்ட் எடுக்க வைக்கச் சொல்வது. அத்தையிடம் இருப்பதில் பாதி கூட மருமகனிடம் இருக்காது.

இப்போது 'இல்லை'யின் பலத்துக்கு வருகிறேன். தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள் என்று இரு குடும்பமும் சத்தியம் செய்கிறது, பேரப்பிள்ளைகள் இருவரும் டெஸ்ட் எடுத்தால் பூஜ்யம் வருகிறது என்றால், நடுவில் எங்கோ சங்கிலி அறுந்திருக்கிறது. தத்தெடுத்த பிள்ளையாக இருக்கலாம், வேறு கதையாகவும் இருக்கலாம், ஆனால் உடல்வழிச் சொந்தம் அங்கே இல்லை. அதே பூஜ்யம் கொள்ளுத்தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள் என்ற இடத்தில் வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது, ஏனென்றால் அப்படிப்பட்ட உண்மையான சொந்தங்களிலேயே சுமார் பத்தில் ஒரு ஜோடிக்குப் பொதுவாக எதுவும் தென்படாது. அதற்கும் அடுத்த தலைமுறையில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தென்படாது. 'இல்லை'க்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் நின்று பேசினால் அதன் வாக்கு வேதவாக்கு.

வரலாற்றில் பெயர் பெற்ற வழக்குகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1918இல் கொல்லப்பட்ட ரஷ்யச் சக்கரவர்த்தியின் மகள் அனஸ்தேசியா நான்தான் என்று ஆன்னா ஆண்டர்சன் என்ற பெண்மணி பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் வழக்கு நடந்து 1970இல் எந்தப் பக்கமும் தீர்க்கமாக முடியாமல் நின்றது. அவர் 1984இல் இறந்துபோனார். ஆனால் அதற்கு முன் நடந்த ஓர் அறுவைச் சிகிச்சையில் எடுத்த குடல் திசு ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருந்தது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். பிரிட்டிஷ் ராணி இரண்டாம் எலிசபெத்தின் கணவர் இளவரசர் பிலிப், அனஸ்தேசியாவின் தாய் அலெக்சாண்ட்ராவுக்கு அக்காவின் மகள் வயிற்றுப் பிள்ளை, அதாவது அதே தாய்வழி. அந்த வழியோடு ஆண்டர்சனின் திசு பொருந்தவில்லை என்று 1994இல் தெரிந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய வாதம் ஒரே 'இல்லை'யில் முடிந்தது. பிரான்சிஸ்கா ஷான்ஸ்கோவ்ஸ்கா என்ற தொழிற்சாலைப் பெண்தான் அவர் என்ற சந்தேகம் 1920களிலேயே இருந்தது, அந்தப் பெண்ணின் தாய்வழிச் சொந்தக்காரரோடு திசு பொருந்தவும் செய்தது. ஆனால் இந்த 'ஆமாம்' தனியாக நின்றால் "அந்தத் தாய்வழியைச் சேர்ந்த யாரோ ஒருவர்" என்பதற்கு மேல் போகாது. பெயரைக் கொடுத்தது பழைய விசாரணைதான்.

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் விஷயம் இன்னும் சுவாரசியம். அவருடைய அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு அவர்தான் தகப்பன் என்ற பேச்சு அவர் காலத்திலிருந்தே உண்டு. இல்லை, அவருடைய சகோதரியின் மகன்களான கார் சகோதரர்களில் ஒருவர்தான் என்று ஜெஃபர்சன் குடும்பம் சொல்லிவந்தது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். ஜெஃபர்சனுக்கு வளர்ந்து ஆளான முறைவழி மகன் கிடையாது என்பதால், அவருடைய சித்தப்பா பெரியப்பா வழியில் வந்த ஆண்களின் ஒய் குரோமோசோமை எடுத்து, சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வழியில் வந்த ஓர் ஆணோடு ஒப்பிட்டார்கள். 1998இல் முடிவு வெளியானது. ஜெஃபர்சன் வழியோடு பொருந்தியது, கார் வழியோடு பொருந்தவில்லை. எஸ்டனைப் பொறுத்தவரை கார் சகோதரர்களின் கதை அதோடு முடிந்தது. சரி, ஜெஃபர்சன்தான் அப்பா என்று நிரூபணமாகிவிட்டதா? அவருக்கு ராண்டால்ஃப் என்று ஒரு தம்பி இருந்தார், தம்பிக்கு மகன்கள் இருந்தார்கள், எல்லோருக்கும் அதே ஒய்தான். அங்கேதான் காகிதங்கள் உள்ளே வருகின்றன. சாலிக்குப் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் கருத்தரித்திருக்கக்கூடிய நாட்களில் ஜெஃபர்சன் மான்டிசெல்லோ வீட்டில்தான் இருந்தார் என்று அவர் போய்வந்த குறிப்புகள் காட்டின. சாலியின் இன்னொரு மகன் மேடிசன் 1873இல் பத்திரிகைக்குக் கொடுத்த வாக்குமூலமும் இருந்தது. இவையெல்லாம் சேர்ந்துதான் 2000இல் அந்த வீட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளையையே அவர்தான் தகப்பனாக இருக்கப் பெரிதும் வாய்ப்பிருக்கிறது என்று சொல்லவைத்தன.

மூன்றாவது, 2012இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த பழைய இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு. ரிச்சர்டின் சகோதரி ஆனிலிருந்து தாய்வழியாகவே இறங்கிவந்த இருவரோடு மைட்டோகாண்ட்ரியா பொருந்தியது. ஆனால் ஆண்வழியில், அவருடைய மூதாதையான மன்னர் மூன்றாம் எட்வர்டிலிருந்து இன்னொரு கிளையாக வந்ததாக வம்சாவளிப் பட்டியல் சொல்லும் ஐந்து பேரின் ஒய் குரோமோசோம் ரிச்சர்டோடு பொருந்தவே இல்லை. அதிலும் ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடும் பொருந்தவில்லை! அப்படியானால் காகிதத்தில் அப்பாவாக எழுதியிருப்பவர் உண்மையில் அப்பா இல்லாத இடம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. எந்தத் தலைமுறையில் என்று இந்த முடிவுகளிலிருந்து சொல்ல முடியாது. அது ரிச்சர்டேதான் என்று உறுதியானதும் வளைந்த முதுகெலும்பு, போர்க்காயங்கள், கார்பன் காலக்கணிப்பு, கல்லறை இருந்த இடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான்.

ராஜா கதை போதும், எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் தாத்தாவும் இன்னொருவரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி, ஏதோ தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோனது என்பது எங்கள் பக்கத்துக் கதை. அந்தப் பக்கமோ அதெல்லாம் ஒன்றுமில்லை, பக்கத்துப் பக்கத்து வீடு, அண்ணன் தம்பி போலப் பழகினார்கள், அவ்வளவுதான் என்றது. என் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, இன்னும் இருக்கிறார். அந்தப் பக்கத்தில் அந்த இன்னொருவரின் மகள் இருக்கிறார், கதை உண்மையானால் அவரும் எனக்கு அத்தை முறை. இருவரையும் சம்மதிக்கவைப்பதுதான் பெரும்பாடு. "இந்த வயசுல எனக்கு எதுக்குடா இதெல்லாம், நான் யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை. அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்து குழாயில் கோடுவரை எச்சில் நிரப்ப வேண்டும், நுரை கணக்கில் வராது. வயதானவர்களுக்கு வாய் வறண்டுபோயிருக்கும். கன்னத்தை வெளியே லேசாகத் தேய்த்துவிட்டு, புளிப்பானதை நினைத்துக்கொள்ளச் சொல்லி, விட்டு விட்டு ஒருவழியாக நிரப்பினோம். மூடியைத் திருகினால் அதிலிருக்கும் நீலத் திரவம் உள்ளே இறங்கிக் கலக்கும். அத்தை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுலயா எங்கப்பா இருக்காரு?" என்று கேட்டார்.

முடிவு: 418 சென்டிமார்கன். "பக்கத்து வீட்டுக்காரர்" கதை அந்த நிமிடமே செத்தது, அந்த 'இல்லை'யில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் ஆமாம்? கூடப்பிறந்த அண்ணன் தம்பியின் மகள்கள் என்றால் 396 வரை இறங்கலாம், ஆக 418 நடக்கக்கூடியதுதான், ஆனால் அடிமட்டம். அப்பா ஒருவர், அம்மாக்கள் வேறு (அல்லது அம்மா ஒருவர், அப்பாக்கள் வேறு) என்ற அண்ணன் தம்பியின் மகள்கள் என்றால் சராசரியே 449. அவர்கள் அண்ணன் தம்பியே இல்லை, பெரியப்பா சித்தப்பா மகன்கள் என்றாலும் 592 வரை ஏறலாம் என்பதால் அதையும் முழுசாகத் தள்ள முடியாது. ஓர் எண்ணுக்கு இத்தனை கதை.

இங்கே கைகொடுத்தது எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ், அது அம்மாவிடமிருந்து வந்தது. அவர் தன் மகளுக்கு அதைக் குலுக்காமல் அப்படியே கொடுத்துவிடுகிறார். ஆகவே என் அத்தையிடம் இருக்கும் இரண்டு எக்ஸில் ஒன்று, தாத்தாவுக்கு அவருடைய அம்மா கொடுத்த அதே எக்ஸ். அந்த அத்தையிடமும் அப்படியே, அவருடைய அப்பாவின் அம்மா கொடுத்தது. தாத்தாவுக்கும் அந்த இன்னொருவருக்கும் அம்மா ஒருவர்தான் என்றால் இந்த இரண்டு பெண்களுக்கும் எக்ஸில் பெரிய பெரிய துண்டுகள் பொதுவாக இருக்க வேண்டும். டெஸ்ட் எடுத்த கம்பெனியின் பக்கத்தில் எந்தத் துண்டு எங்கே பொருந்துகிறது என்று காட்டும் வசதி இல்லாததால், இருவரின் மூலக் கோப்புகளையும் இறக்கி, எந்தக் கம்பெனியின் கோப்பையும் ஏற்றி ஒப்பிடக்கூடிய ஜெட்மேட்ச் என்ற தளத்தில் ஏற்றி எக்ஸை மட்டும் ஒப்பிட்டேன். மற்ற குரோமோசோம்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பட்டைகள், எக்ஸில் ஒன்றுமே இல்லை. சகோதரர்கள் இருவருக்கும் அம்மாவின் எதிரெதிர் பாதிகள் மட்டுமே போய்ச் சேர்ந்து இப்படி ஆவதும் உண்டு, ஆனால் அது மிக அரிது. இரண்டு அம்மா என்பதுதான் இயல்பான விளக்கம்.

அடுத்து ஒய். தாத்தாவின் ஒய் அப்பா வழியாக என்னிடம் இருக்கிறது, அந்தப் பக்கத்து ஒய் அந்த அத்தையின் தம்பியிடம். எடுத்துப் பார்த்தோம், பொருந்தியது. ஆண்வழி ஒன்றே. ஆனால் மறுபடியும் அதே ஜெஃபர்சன் சிக்கல், அப்பா ஒருவரா, இல்லை அப்பாக்கள் அண்ணன் தம்பியா என்று ஒய் சொல்லாது. அதற்காக அப்பாவையும் அந்தத் தம்பியையும் சாதாரண டெஸ்டும் எடுக்கவைத்தேன். ஒரு ஜோடியின் எண் குலுக்கலில் எப்படி வேண்டுமானாலும் போகும், குறுக்கும் நெடுக்குமாகப் பல ஜோடிகளின் எண்கள் சேர்ந்தால் அவ்வளவாக ஏமாற்றாது. எல்லாம் 450ஐ ஒட்டியே வந்தன. பெரியப்பா சித்தப்பா மகன்களின் பிள்ளைகளுக்கு இத்தனை ஜோடியும் சராசரியைப் போல இரண்டு மடங்காக வருவது நம்பும்படியாக இல்லை.

ஆக, அப்பா ஒருவர், அம்மா இருவர். எதைத் தேட வேண்டும் என்று இப்போது தெரிந்ததால் கொள்ளுத்தாத்தாவின் இரண்டாம் திருமணத்தைக் குறிவைத்துப் பழைய பத்திரங்களைத் தேடினோம். சொத்துப் பிரித்த பத்திரம் ஒன்றில் "மூத்த தாரத்து மகன்", "இளைய தாரத்து மகன்" என்று இருவர் பெயரும் அடுத்தடுத்த வரியில் இருந்தன. அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "எங்க தாத்தாவுக்கு ரெண்டு சம்சாரமா? இதை ஒருத்தரும் சொல்லலையே!" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "அதான் ரெண்டு பேருக்கும் ஆகலை" என்றார். தகராறுக்குக் காரணம் அதுதானா என்று டிஎன்ஏவும் சொல்லவில்லை, பத்திரமும் சொல்லவில்லை.

முற்றிலும் தெரியாத ஆட்களின் பட்டியல் கிடைத்தவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். டேனா லீட்ஸ் என்பவர் 2018 வாக்கில் பரப்பிய முறை, விரிதாளும் வண்ணங்களும் போதும். 400க்கும் 90க்கும் இடையில் பொருந்துகிறவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளுக்கு ஒரு வண்ணம், அவரோடும் பொருந்துகிற மற்றவர்களுக்கும் அதே வண்ணம். வண்ணமில்லாத அடுத்த ஆளுக்குப் புது வண்ணம். இப்படியே போனால் எல்லாம் சரியாக அமைந்த பட்சத்தில் நான்கு குழுக்கள் கிடைக்கும், உங்கள் தாத்தா பாட்டி நால்வரின் நான்கு வழிகள். ஒவ்வொரு குழுவிலும் தெரிந்த ஒரே ஒரு முகம் இருந்தால் போதும், அந்தக் குழு எந்த வழி என்று தெரிந்துவிடும்.

உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் திருமணம் நடக்கும் சமூகங்களில் இந்த முறை படுத்துவிடும். எல்லோருக்கும் எல்லா வண்ணமும் வந்து நிற்கும். அஷ்கெனாசி யூதர்கள், தீவுகளில் வாழும் சிறு சமூகங்கள் என்று பலருக்கும் இதே தொல்லைதான். ஒருவரே பல வழிகளில் சொந்தமாக இருப்பதால் சிறு சிறு துண்டுகள் கூடி மொத்த எண் வீங்கிவிடும், தூரத்து உறவு பக்கத்து உறவுபோல வேஷம் போடும். அந்த மாதிரி இடங்களில் மொத்தத்தைவிட மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பார்ப்பது மேல். எந்தச் சமூகமாக இருந்தாலும் 7 சென்டிமார்கனுக்குக் கீழே இருக்கும் துண்டுகளை நான் கண்டுகொள்வதில்லை, தற்செயலாகப் பொருந்துகிறவையே அவற்றில் ஏராளம்.

"நீங்கள் இத்தனை சதவீதம் இந்தப் பகுதி" என்று வரும் வண்ண வரைபடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனிகளின் ஒப்பீட்டுத் தொகுப்பு மாறும்போதெல்லாம் அதுவும் மாறும், கூடப்பிறந்தவர்களுக்கே வேறுவேறாக வரும். பார்த்து ரசிக்கலாம், ஆதாரமாக வைக்க முடியாது.

டெஸ்ட் எடுக்கச் சொல்லி ஒருவரைக் கேட்பதற்கு முன் "எதிர்பாராதது வந்தால் உங்களுக்குச் சொல்லவா, வேண்டாமா?" என்று கேட்டுவிடுங்கள், குழாயைக் கையில் கொடுத்த பிறகு அல்ல. அப்பா என்று நினைத்தவர் அப்பா இல்லை என்று அறுபது வயதில் ஒரு எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, ஒருவர் எச்சில் கொடுத்தால் கேட்காமலே அவருடைய சொந்தங்களும் பாதி மாட்டிக்கொள்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் கொலைகள் செய்த ஜோசஃப் டிஆஞ்சலோ 2018இல் பிடிபட்டது அவருடைய தூரத்துச் சொந்தங்கள் வம்சாவளித் தளத்தில் இருந்ததால்தான். நல்லதுதான் நடந்தது, ஆனால் அந்தச் சொந்தங்கள் அதற்காகப் பதிவு செய்யவில்லை. அடுத்த ஆண்டு ஜெட்மேட்ச், விருப்பம் தெரிவித்தவர்களின் தகவலை மட்டுமே போலீஸ் தேடலுக்குக் காட்டுவது என்று விதியை மாற்றியது. 2023இல் ட்வென்டிதிரீஅண்ட்மீ என்ற டிஎன்ஏ டெஸ்ட் கம்பெனியில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் திருடர்கள் கையில் போனது, 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது.

அதனால் முடிவு வந்த அன்றே மூலக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள், அது வெறும் எழுத்துக்கோப்புதான், பென் டிரைவில் அடங்கிவிடும். கம்பெனி போனாலும் அதை வேறு இடத்தில் ஏற்றி ஒப்பிடலாம். வயதானவர்களின் கணக்கை அவர்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது, எச்சில் மாதிரியை வைத்திருக்கச் சொல்வதா அழிக்கச் சொல்வதா என்பதையும் அவர்களிடமே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். எங்கள் அத்தை அழிக்கச் சொல்லிவிட்டார், கோப்பை மட்டும் என்னிடம் வைத்துக்கொள்ளச் சொன்னார்.